லேபலுக்குப் பேர் விழும் வரை

போன மாதம் ஹட்டனிலிருந்து ஒரு தம்பி என்னைப் பார்க்க வந்தார். நான் வேலை செய்து ஓய்வு பெற்ற அதே அச்சுக்கூடத்தில் இப்போது படம் வரைகிறவர். விளம்பரப் போட்டிக்கு இந்த வருஷம் அவரையும் நடுவராகப் போட்டிருக்கிறார்களாம். கையில் ஒரு தாள் கொண்டுவந்திருந்தார். கருத்துக்கு இருபத்தைந்து, நிறத்துக்கு இருபத்தைந்து, எழுத்துக்கு இருபத்தைந்து, இதர அம்சங்களுக்கு இருபத்தைந்து என்று கட்டம் கட்டமாகப் போட்டிருந்தது.

"இதர அம்சம்னா என்னா தம்பி?" என்று கேட்டேன்.

"அது என்னன்னு யாருக்கும் தெரியாதுங்கய்யா. கூட்டினா நூறு வரணுமில்ல, அதுக்காகப் போட்டிருக்காங்க" என்று சிரித்தார். நல்ல பிள்ளை, உண்மையைச் சொன்னார். பிறகு, "ஒங்க காலத்துல எப்புடிங்க மார்க் போட்டீங்க?" என்று கேட்டார்.

"தேயிலைக் கொட்டை போட்டோம்" என்றேன். கிழவன் கேலி செய்கிறான் என்று நினைத்திருப்பார் போலிருக்கிறது, மேற்கொண்டு கேட்கவில்லை. கேலி இல்லை. தேயிலைக் கொட்டைதான் போட்டோம். அவர் போன பிறகும் அந்தப் பேச்சு மனதைவிட்டுப் போகாததால் இதை எழுத உட்கார்ந்தேன்.

என் அப்பா தோட்டத்துத் தேயிலை ஃபாக்டரியில் பெட்டிகளுக்கு அடையாளம் போடுகிறவர். தகரத்தில் எழுத்தை வெட்டி, பெட்டியின்மேல் வைத்து, கறுப்பு மை தோய்த்த தூரிகையால் ஒத்துவார். தகரத்தை எடுத்தால் தோட்டத்தின் பெயர் நிற்கும். அந்தத் தகரங்களோடுதான் நான் வளர்ந்தேன். நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்த வருஷம் ஹட்டனில் ஓர் அச்சுக்கூடத்தில் சேர்ந்தேன். முதலில் மை உருளை கழுவினேன். பிறகு கல்யாண நோட்டீசுக்கு ஓரத்தில் பூ வரைந்தேன். பிறகு படக்கொட்டகை நோட்டீஸ். கடைசியில் தேயிலைப் பொட்டலத்து லேபல். அதிலேயே நின்றுவிட்டேன்.

தேயிலை விளைகிற ஊரில் தேயிலைக்கு எதற்கு விளம்பரம் என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். நல்ல தேயிலையெல்லாம் பெட்டியில் ஏறிக் கொழும்புக்குப் போய்விடும். மிஞ்சுகிற தூள்தான் எங்களுக்கு. கொழுந்து பறிக்கிறவர்களுக்கே அந்தத் தூளை விற்பதற்கு ஹட்டனிலும் நுவரெலியாவிலும் முதலாளிமார் முட்டி மோதிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சண்டையில்தான் எங்களைப் போன்றவர்களுக்குச் சோறு கிடைத்தது.

ஏப்ரல் மாதம் நுவரெலியாவில் சீசன் களைகட்டும்போது வியாபாரிகள் சேர்ந்து விளம்பரப் போட்டி நடத்துவார்கள். சுவர் விளம்பரத்துக்கு ஒரு பரிசு, கடைப் பலகைக்கு ஒன்று, பொட்டல லேபலுக்கு ஒன்று. மற்றவற்றுக்கு வெள்ளிக் கோப்பை. லேபலுக்கு மட்டும் வேறு விதம். பரிசு கொடுக்கிற முதலாளி, ஜெயித்தவரைத் தன் கம்பெனிக்கு நிரந்தரமாகப் படம் வரைகிறவராக எடுத்துக்கொள்வார். ஹட்டனில் வேலை, தங்குவதற்கு ஓர் அறை. அதனால் கோப்பைக்குக் கொழும்பிலிருந்து ஆள் வருவார்கள், லேபலுக்குப் பெரும்பாலும் தோட்டத்திலிருந்து வருவார்கள்.

ஆரம்பத்தில் நடுவர்களாக இருந்தவர்கள் பெரிய மனிதர்கள். ஒரு தோட்டத்துத் துரையின் மனைவி, ஒரு டாக்டர், அரசாங்கக் கச்சேரியில் ஒரு பெரிய உத்தியோகத்தர். அவர்கள் நல்லவர்கள்தான். ஆனால் ரோஜாப்பூ வரைந்திருந்தால் போதும், பரிசைக் கொடுத்துவிடுவார்கள். ரோஜாப்பூப் பொட்டலம் கடையில் அப்படியே கிடக்கும். ஒரு கட்டத்தில் முதலாளிமாருக்கே கை சுட்டுவிட்டது. "இந்தத் தொழில் தெரிஞ்ச மூணு பேரப் போடுங்கப்பா" என்று முடிவெடுத்தார்கள். அப்படித்தான் நாங்கள் மூவரும் வந்தோம்.

தலைமை நடுவர் வைத்திலிங்கம் ஐயா. யாழ்ப்பாணத்துக்காரர். கொழும்பில் ஒரு விளம்பரக் கம்பெனியில் நெடுங்காலம் இருந்தவர். மனைவிக்கு நுவரெலியாவில் பள்ளிக்கூட உத்தியோகம் என்பதால் குளிரைத் திட்டிக்கொண்டே அங்கே குடியிருந்தார். இரண்டாமவர் பியதாச முதலாளி, நுவரெலியாவில் அச்சுக்கூடம் வைத்திருந்த சிங்களவர். மை, தாள், விலை மூன்றிலும் அவரை யாரும் ஏய்க்க முடியாது. மூன்றாவது நான்.

ஐயாவோடு முதல் வருஷம் நடுவராக உட்கார்ந்தது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. உட்கார்ந்தது என்று சொல்வதே தப்பு. அவர் யாரையும் உட்கார விடவில்லை. மண்டபத்தில் கயிறு கட்டி, துணி காயப்போடுவதுபோலப் படங்களைக் கவ்விகளில் தொங்கவிடச் சொன்னார். வரைந்தவர் பெயர் ஒவ்வொன்றின் பின்பக்கமும் தாள் ஒட்டி மூடியிருக்கும். ஜன்னல்களையெல்லாம் திறக்கச் சொன்னார். பனி உள்ளே வந்து நின்றது. நாங்கள் மூவரும் மண்டபத்தின் மறுகோடியில், கோட்டும் கம்பளியுமாக நடுங்கிக்கொண்டு நின்றோம்.

ஐயா தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டார். "வேலு, உம்மடை கண்ணாடியையும் கழட்டும்" என்றார்.

"எனக்குக் கண்ணாடி இல்லீங்கய்யா."

"அப்ப கண்ணைச் சுருக்கிப் பாரும். கடைக்கு வாறவையிலை எத்தினை பேர் கண்ணாடி போட்டிருக்கினம்? பனிக்குள்ளாலை என்னெண்டு விளங்காட்டி அதைக் கழட்டி வையும்."

அது முதல் சுற்று. பாதிக்குமேல் அங்கேயே கழன்றுவிடும். இரண்டாவது சுற்றுக்குப் பக்கத்தில் போகலாம், ஆனால் வாய் திறக்கக் கூடாது. ஒவ்வொரு படத்தின் கீழும் ஒரு சிகரெட் டின் மூடி. எங்கள் பையில் தேயிலைக் கொட்டைகள். பிடித்ததற்கு ஒன்று போட வேண்டும். ஒருவர் போட்டதைப் பார்த்து மற்றவர் போடக் கூடாது என்பதற்காக ஒருவர்பின் ஒருவராக உள்ளே அனுப்பி, இடையில் மூடிகளைக் காலி செய்து எழுதி வைப்பார். மூன்றாவது, ஈர விரல் சோதனை. லேபலைப் பொட்டலத்தில் ஒட்டி, தண்ணீர் தொட்ட கட்டை விரலால் தேய்ப்பது. அது பியதாச முதலாளியின் ராஜ்ஜியம். சாயம் விரலில் ஏறினால், "மழை காலம் வந்தா இது அழும் மாத்தயா" என்று தூக்கிப் போட்டுவிடுவார்.

கடைசிச் சுற்றுதான் ஐயாவுக்கு உயிர். மிஞ்சிய ஒன்றிரண்டு லேபல்களில் இருக்கும் எழுத்தைத் தாள் ஒட்டி மறைத்து, கடையில் கொண்டுபோய்த் தொங்கவிடுவார். அதற்கென்று ஒரு கடை இருந்தது. பொகவந்தலாவை கடைவீதியில் காதர் நானா கடை. முன்பக்கம் சில்லறைச் சாமான், பின்பக்கம் நாலு பெஞ்சு போட்டுத் தேநீர். சம்பளத்துக்குப் பிந்திய ஞாயிற்றுக்கிழமையில் நானுஓயாவில் ரயில் ஏறி ஹட்டனில் இறங்கி, நோர்வூட் வழியாகப் பஸ்ஸில் குலுங்கிக்கொண்டு போவோம். சுற்றுவட்டாரத் தோட்டத்து ஜனங்கள் எல்லாம் அன்றைக்குச் சாமான் வாங்க வருவார்கள். நாங்கள் மூலையில் பிளேன்டீ குடித்துக்கொண்டு, காதை மட்டும் கடை வாசலில் வைத்திருப்போம்.

எதற்கு என்றால், எழுத்துத் தெரியாதவர்கள்தான் அன்றைக்குப் பாதிப் பேர். அவர்கள் கம்பெனிப் பெயர் சொல்லிக் கேட்க மாட்டார்கள். படத்தைப் பார்த்துத் தாங்களே ஒரு பெயர் வைத்துக்கொள்வார்கள். "கிளித் தூள் குடுங்க", "சேவத் தூள் குடுங்க" என்பார்கள். அப்படிப் பார்க்கிறவர்களெல்லாம் ஒரே பெயரைச் சொன்னால் லேபல் தேறியது. "பேர் விழுந்திட்டுது" என்பார் ஐயா. ஆளுக்கொரு பெயர் சொன்னால் தேறாது. சொன்ன பெயர் சரிப்படாவிட்டால், வரைந்தவரைக் கூப்பிட்டு ஒரு தடவை திருத்தக் கொடுப்பார். ஒரே ஒரு தடவைதான்.

முதல் வருஷம் கொழும்பு ஓவியர் ஒருவர் ஏரியில் அன்னம் நீந்துவதுபோல வரைந்திருந்தார். என்ன கழுத்து, என்ன வளைவு! நான் கொட்டையைப் போட்டுவிட்டுப் பெருமையாக நின்றேன். காதர் நானா கடையில் பார்த்த முதல் ஆள், "வாத்துத் தூள் புதுசா வந்திருக்கா?" என்றார். அதற்குப் பிறகு வந்தவர்களும் வாத்து என்றார்கள். ஐயா என்னைப் பார்த்துக்கொண்டே டீயைக் குடித்தார். வரைந்தவரிடம் திருத்தச் சொன்னபோது, ஜனங்களைத் திருத்துங்கள் என்று பதில் வந்தது.

இன்னொரு வருஷம் ஹட்டன் முதலாளி ஒருவர் தன் சொந்த முகத்தையே லேபலில் போடச் சொல்லியிருந்தார். "மொட்டத்தலத் தூள்" என்று பெயர் விழுந்தது. ஒருமித்து விழுந்தது. தேறியது என்று ஐயா எழுதிக் கொடுத்தார். தூள் நன்றாக விற்றது, ஆனால் அந்த முதலாளி ஹட்டன் வீதியில் நடந்தால் பின்னாலிருந்து யாராவது அந்தப் பெயரைக் கூவாமல் விட்டதில்லை. இரண்டு வருஷத்தில் லேபலை மாற்றிவிட்டார். மனுசன் விரும்பிப் போட்டுக்கொண்டது, அதனால் எங்களுக்கு அது சிரிப்பு.

சிரிக்க முடியாதது அதற்கு அப்புறம் வந்தது.

அந்த வருஷம் லேபல் போட்டிக்கு வந்தவற்றில் கொழுந்து பறிக்கிற பெண் படம் நிறைய இருந்தது. அது எப்போதும் இருக்கும். நானே எத்தனையோ வரைந்திருக்கிறேன். சினிமாக்காரி மாதிரி ஒரு முகம், பல் தெரியச் சிரிப்பு, முதுகில் கூடை. ஆனால் அன்று கயிற்றில் தொங்கிய ஒன்று வேறு மாதிரி இருந்தது. நாற்பது வயது இருக்கும் ஒரு பெண். தலையில் கூடைக் கயிறு அழுந்தியிருந்தது. இடுப்பில் ஈரத்துக்குக் கட்டுகிற படங்குச் சாக்கு, மழையில் நனைந்த கனத்தோடு. சிரிக்கவில்லை. எதையோ கேட்கப் போகிறவள்போல நேராகப் பார்த்தாள். பனிக்குள் அந்த முகம் மட்டும் தெளிவாக நின்றது. மூவரும் தனித்தனியாகப் போய் அந்த ஒரே மூடியில் கொட்டை போட்டிருந்தோம். ஈர விரலுக்கும் அசையவில்லை. ஐயா எதையும் நன்றாக இருக்கிறது என்று சொல்ல மாட்டார். பிடித்துவிட்டால் "இருக்கட்டும்" என்பார். அன்றைக்கு "இருக்கட்டும்" என்று இரண்டு தடவை சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை காதர் நானா கடையில் தொங்கவிட்டோம். பச்சைமிளகாய் வாங்க வந்த ஒரு பெண் நிமிர்ந்து பார்த்தவுடனே, "அட, நம்ம அங்கம்மால்ல இது!" என்றாள்.

"ஆமாடி, மேல் டிவிசன் அங்கம்மாவேதான். கயித்தப் பாரு, அவ போடுற மாதிரியே" என்றாள் கூட வந்தவள். கொஞ்ச நேரத்தில் கடைக்கு முன்னால் கூட்டம் கூடிவிட்டது. வந்தவர்கள் எல்லாரும் அங்கம்மா என்றார்கள். ஒருவர்கூட மாற்றிச் சொல்லவில்லை. பியதாச முதலாளி மேசைக்கடியில் என் தொடையைத் தட்டினார்.

அப்போது பெருமாள் என்று மீசை வைத்த ஓர் ஆள் வந்தார். லேபலைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். "நானா, எனக்கு அங்கம்மாவ கால் றாத்தல் கட்டிக் குடுங்க. வீட்டுக்குக் கொண்டு போயி கொதிக்க வச்சுப் பாக்குறேன்" என்றார். கடை முழுக்கச் சிரித்தது. பெண்களும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

ஐயா டீக் கிளாஸைக் கீழே வைத்தார். "எழும்புங்கோ, போவம்" என்றார்.

ஹட்டன் ரயில் நிலையத்தில் பியதாச முதலாளிதான் பொறுக்க மாட்டாமல் ஆரம்பித்தார். "ஐயா, பேர் விழ வேணும் சொன்னது நீங்க. இப்ப விழுந்தது. இவ்வளவு நல்லா ஒருநாளும் விழ இல்லையே. பெறகு என்ன?"

"விழுந்தது லேபலுக்கு வைச்ச பேரில்லை, முதலாளி. ஒரு மனிசியின்ரை பேர். நாளைக்கு ஒவ்வொரு கடையிலையும் அந்த மனிசியை அவுன்ஸ் கணக்கிலை கேப்பாங்கள். பொட்டலத்தைக் கிழிச்சுக் குப்பையிலை போடுவாங்கள். அந்த மனிசியிட்டை ஆர் கேட்டது?"

எனக்கு இரண்டு பக்கமும் நியாயமாகப் பட்டது. ஆனால் மனசு வரைந்தவன் பக்கமே அடித்துக்கொண்டது. அங்கம்மாவின் முகம் இப்படித் தெரிந்திருக்கிறதென்றால் அவன் அந்தத் தோட்டத்துப் பிள்ளையாகத்தான் இருக்க வேண்டும். தோட்டத்திலிருந்து ஒருவன் தூரிகையோடு ஹட்டனுக்கு வருவது லேசான காரியம் இல்லை. நான் வந்தவன், எனக்குத் தெரியும். பெண் படமே வேண்டாமென்று அதைத் தள்ளிவிட்டால், அடுத்து நின்றது கொழும்பு ஓவியர் ஒருவரின் ரோஜாப்பூ.

அன்றைக்கே பின்பக்கத்துத் தாளைப் பிரித்தோம். சுந்தரம் என்று பெயர் இருந்தது. மறுநாள் ஆள் அனுப்பி ஹட்டனில் என் அச்சுக்கூடத்துக்கு வரவழைத்தோம். இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும். தோட்டத்தில் கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் வேலை. தராசுக்குப் பக்கத்தில் நின்று கூடைகளை வாங்கித் தொங்கவிடுகிறவன். விஷயத்தைச் சொன்னதும் முகம் வெளுத்துவிட்டது.

"நான் யாரையும் கேக்கலீங்கய்யா. தப்பா நெனைக்கவும் இல்லீங்க. கூடையோட வந்து என் முன்னுக்கு நிப்பாங்க. தெனம் பாக்குற மொகம். வரையின்னு ஒக்காந்தா கையில அதுதான் வருது" என்றான். பிறகு மெதுவாக, "வேற மொகம் மாத்தி வரைஞ்சு குடுத்துடவா?" என்று கேட்டான்.

"வரையலாம்" என்றார் ஐயா. "ஆனா அது வேறை லேபல். நாங்கள் கொட்டை போட்டது இந்த முகத்துக்கு."

தோட்டத்துக்குள் நாங்கள் நினைத்தபடி போக முடியாது. தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வரிசை வீடுகளுக்கு வெளியாள் வருவதென்றால் துரையின் அனுமதி வேண்டும். அதனால் சுந்தரத்திடம் சொல்லி அடுத்த ஞாயிற்றுக்கிழமை அங்கம்மாவைக் காதர் நானா கடைக்கு வரச் சொன்னோம். கடையின் பின்பக்கம் மற்றவர்கள் இல்லாத நேரமாகப் பார்த்து உட்கார்ந்தோம்.

படத்தில் இருந்தது போலவே இருந்தாள். கொஞ்சம் குட்டை. ஐயா எழுந்து, "இருங்கோ அம்மா" என்று பெஞ்சைக் காட்டினார்.

"இருக்கட்டுங்கய்யா. நின்னே பழகிருச்சு" என்று சுவரோரமாக நின்றுகொண்டாள். நானும் சொல்லிப் பார்த்தேன். உட்காரவில்லை.

லேபலைக் கையில் கொடுத்தோம். வெகு நேரம் பார்த்தாள். "இது நானா?" என்றாள். வீட்டில் இருப்பது பொட்டு வைக்கிற அளவுக்கு ஒரு துண்டுக் கண்ணாடியாம். தன்னை முழுசாக அவள் பார்த்ததே இல்லை. கூடைக் கயிறு அழுந்திய இடத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள். கூனிக்குறுகி நின்ற சுந்தரத்தைப் பார்த்து, "ஏப்பா, இவ்வளவு வெசனமாவா நான் நிப்பேன்?" என்று கேட்டாள்.

"நிறுக்கிற நேரத்துல அப்படித்தான் நிப்பீங்க அக்கா" என்றான்.

ஐயா நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். பெயர் விழுந்ததையும் பெருமாள் பேசியதையும் சொன்னார். இதை அச்சடித்தால் மலைநாடு முழுக்கக் கடைகளில் தொங்கும், அந்தப் பெயரும் கூடவே போகும், வேண்டாமென்றால் இப்போதே கிழித்துவிடலாம் என்றார். சுந்தரத்துக்கு இதில் வேலை இருக்கிறது என்பதை மட்டும் சொல்லவில்லை. நான் சொல்ல வாயெடுத்தபோது என் கையை அமுக்கினார். அது எனக்கு அப்போது கோபமாக இருந்தது. ஆனால் அங்கம்மாவுக்கு அது ஏற்கெனவே தெரிந்திருந்தது.

"இந்தப் புள்ளைக்கு அட்டன்ல வேல கெடைக்கும்னு லயத்துல எல்லாரும் பேசிக்கிறாங்க" என்றாள். "கெடைக்கட்டும். ஆனா எம் பேரச் சொல்லி எவனும் கடையில கேக்கக் கூடாதுங்க. எனக்கும் வயசுக்கு வந்த புள்ள இருக்கு. அதுக்கு நீங்க பொறுப்பெடுப்பீங்களா?"

"ஏலாதம்மா" என்றார் ஐயா. "பேர் வைக்கிறது நாங்களில்லை. திரும்பவும் இந்தக் கடையிலை தொங்கவிட்டுப் பாக்கலாம். உங்கடை பேர் ஒருக்கா வந்தாலும் கிழிச்சுப்போடுவன். அதுக்கு மட்டும் பொறுப்பெடுப்பன்."

அவள் யோசித்தாள். லேபலை மறுபடி பார்த்தாள். பிறகு சொன்னதை நான் அப்படியே எழுதுகிறேன்.

"அப்புடின்னா இன்னொன்னும் செய்யச் சொல்லுங்க. அந்தக் கூடைய எறக்கி வச்சுருங்க. இங்கதான் காலையிலயிருந்து சொமக்குறேன், கடைக்குக் கடை தொங்கும்போதுமா சொமந்துக்கிட்டு நிக்கணும்? என்னய ஒக்கார வச்சுருங்க. கையில ஒரு தேத்தண்ணியும் குடுத்துருங்க. தூள் விக்கத்தான படம்? எங்களுக்கும் ஒரு கிளாசு ஊத்துனா கொறைஞ்சா போயிரும்?"

பியதாச முதலாளி சிரிக்க ஆரம்பித்துவிட்டுப் பாதியில் நிறுத்திக்கொண்டார். எத்தனை வருஷமாகக் கொழுந்து பறிக்கிற பெண்ணை வரைந்திருக்கிறோம். ஒருவனுக்காவது அவள் கையில் டீயைக் கொடுக்கத் தோன்றியிருக்கிறதா? "சரி அம்மா" என்றார் ஐயா. "திருத்தம் ஒருக்காத்தான். இதுதான் அந்தத் திருத்தம்."

சுந்தரம் என் அச்சுக்கூடத்தில் உட்கார்ந்து வரைந்தான். உட்கார்ந்தான் என்றுதான் பெயர், தாளில் ஒன்றும் விழவில்லை. "என்னா தம்பி?" என்றேன்.

"அந்த அக்கா ஒக்காந்து நான் பாத்ததே இல்லீங்க. காலையில பேர் குடுக்கப் பெரட்டுக்கு ஓடுவாங்க. அப்புறம் மலை. அப்புறம் மடுவத்துல நிப்பாங்க. அந்திக்குத் தண்ணிப் பீலியில கொடத்தோட நிப்பாங்க. வீட்டுல அடுப்புக்கிட்டயும் நின்னுக்கிட்டு இருப்பாங்க. எப்புடி ஒக்காருவாங்கன்னு தெரியலீங்க."

வேறு வழியில்லாமல் நானே ஒரு முக்காலியில் கால் நீட்டி, கையில் கிளாஸைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். அதைப் பார்த்து வரைந்து அதன்மேல் சேலையைக் கட்டினான். அந்த லேபலில் கழுத்துக்கு மேலே அங்கம்மா, கீழே நான். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. முகத்தைப் பழைய படத்திலிருந்து எண்ணெய்த்தாளில் ஒற்றி எடுத்து அப்படியே வைத்தான். இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஒரு கோடுகூட விலகவில்லை. கூடை காலடியில் இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதே கடை, அதே கயிறு. முகம் அதே முகமாயிற்றே, யாராவது ஒருத்தி பார்த்தவுடனே கத்திவிடுவாள் என்றுதான் நினைத்தேன். கத்தினால் ஐயா கிழித்துவிடுவார், அதில் சந்தேகமே இல்லை. கடை வாசலில் ஓரமாக நின்ற சுந்தரம் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான்.

முதலில் வந்தவள் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் உப்பு வாங்கிக்கொண்டு போனாள். அடுத்தவள், "யாரோ ஒக்காந்து தேத்தண்ணி குடிக்குது" என்றாள். போன தடவை முதலில் அடையாளம் சொன்ன அதே பெண் வந்தாள். தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். "எங்கயோ பாத்த மொகமா இருக்கு" என்றாள். பிறகு, "இந்த ஒக்காந்த அம்மாத் தூளு நல்லாயிருக்குமா நானா?" என்று கேட்டாள்.

அதற்குப் பிறகு வந்தவர்களும் ஒக்காந்த அம்மா என்றே சொன்னார்கள். கடைசியில் பெருமாள் வந்தார். காதர் நானாவுக்குப் பொறுக்கவில்லை. "யாருன்னு தெரியுதா பெருமாள்?" என்று கேட்டே விட்டார். ஐயா அவரை முறைத்தார், கேட்கக் கூடாது என்பது விதி.

பெருமாள் மீசையைத் தடவிக்கொண்டு பார்த்தார். "டவுன்பக்கத்து அம்மாவா இருக்கும் நானா. ஒக்காந்திருக்கிற தோரணையப் பாத்தாலே தெரியுதே" என்றார்.

ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். "இருக்கட்டும்" என்றார். சுந்தரத்துக்கு வேலை கிடைத்தது என்று எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் அந்தப் பெஞ்சில் இருந்தபோது சந்தோஷத்தைவிட வெட்கமும் துக்கமும்தான் அதிகமாக இருந்தது. யார்மேல் என்று சொல்லத் தெரியவில்லை. பியதாச முதலாளி என்னைப் பார்க்காமல் வெளியே மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

லேபல் அச்சாகிக் கடைகளுக்குப் போனது. சுந்தரம் ஹட்டனுக்கு வந்து சேர்ந்தான். தேறிய லேபல் மழைக்காலம் முடிந்த பிறகு எப்படி நிற்கிறது என்று பார்ப்பதும் எங்கள் வேலையில் சேர்ந்ததுதான். ஐயாவுக்கு இருமல் என்பதால் அந்த முறை நான் தனியாகப் போனேன்.

காதர் நானா கடையில் நல்ல கூட்டம். ஒக்காந்த அம்மா கயிறு நிறையத் தொங்கிக்கொண்டிருந்தாள், சாயம் போகவில்லை. நான் பழைய மூலையில் டீயோடு இருந்தேன். அங்கம்மா வந்தாள். தலையில் அரிசி மூட்டை. என்னைப் பார்த்துவிட்டாள், ஆனால் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

"நானா, ஒக்காந்த அம்மா ஒரு பொட்டலம் குடுங்க" என்றாள், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல்.

நானா கயிற்றிலிருந்து ஒன்றைக் கழற்றி அவள் கையில் கொடுத்தார். அவள் முகத்தையும் பார்த்தார், பொட்டலத்தையும் பார்த்தார். ஒன்றும் தோன்றவில்லை அவருக்கு. அடுத்த ஆளுக்குச் சீனி நிறுக்கத் திரும்பிவிட்டார்.

அங்கம்மா பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு தலையிலிருந்த மூட்டையை இறக்கிக் கீழே வைத்தாள். எனக்கு எதிரே இருந்த பெஞ்சில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டாள்.

காதர் நானா தராசை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்தார். "என்னா அங்கம்மா, ஒடம்புக்குச் சொகமில்லையா? தல சுத்துதா? தண்ணி கொண்டரவா?"

"ஒண்ணுமில்லீங்க நானா" என்றாள் அவள். "சும்மாதான் ஒக்காந்தேன். ஒரு தேத்தண்ணி ஊத்துங்க."